பள்ளிக்கூடம் வந்தது, வீட்டு விலையும் ஏறியது: ஒரு பல்கலைக்கழகம் தன் அக்கம்பக்கத்தை மாற்றிய கதை

எல்கேஜி அட்மிஷனுக்கு விடிய விடிய வரிசையில் நிற்கும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் இதேதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை தொடங்க வேண்டிய கிண்டர்கார்டன் பதிவுக்கு, வெள்ளிக்கிழமையே பெற்றோர் வந்து குளிரில் நின்றுவிட்டார்கள். இத்தனைக்கும் அது தனியார் பள்ளி கிடையாது. ஃபீஸே இல்லாத அரசுப் பள்ளி!

பள்ளியின் பெயர் பென் அலெக்ஸாண்டர். பக்கத்தில் இருக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் (சுருக்கமாக ‘பென்’) நிலமும் பணமும் கொடுத்து உருவாக உதவிய பள்ளி இது. 1990-களில் பலரும் விட்டுப்போக நினைத்த பகுதியில், பதினைந்து வருடத்துக்குள் இப்படி ஒரு வரிசை.

ஒரு பல்கலைக்கழகத்தால் தன்னைச் சுற்றியுள்ள ஏரியாவைத் தூக்கி நிறுத்த முடியுமா? முடியும் என்பதற்கு மேற்கு பிலடெல்பியாவைத்தான் உலகம் முழுக்க உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால், ஏரியா நன்றாக ஆன பிறகு அங்கே யார் குடியிருக்க முடிகிறது என்ற கேள்விக்கும் அதே ஊர்தான் உதாரணம். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பல்கலைக்கழகத்துக்கு ஏன் இந்த வேலை?

ஒரு கம்பெனிக்கு ஊர் பிடிக்கவில்லை என்றால் ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் அப்படிப் போக முடியாது. கட்டடங்கள், ஆய்வகங்கள், மருத்துவமனை எல்லாம் அங்கேயே வேரூன்றி நிற்கின்றன. பென் 1872-ல் மேற்கு பிலடெல்பியாவுக்கு வந்தது. இன்று அந்த நகரத்திலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் தனியார் நிறுவனம் அதுதான்.

இப்படி இடம்பெயர முடியாத பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் ‘நங்கூர நிறுவனங்கள்’ என்கிறார்கள். சுற்றியுள்ள தெரு சரிந்தால் இவையும் சேர்ந்து சரியும். தெரு பாதுகாப்பாக இல்லை என்றால் மாணவர் வரமாட்டார், பேராசிரியர் தங்கமாட்டார். ஆக, இதில் சேவை மனப்பான்மையோடு சொந்த நலனும் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கு

பென்னுக்கும் அக்கம்பக்கத்துக்கும் உள்ள உறவு நல்லபடியாகத் தொடங்கவில்லை. வளாகத்தை ஒட்டி ‘பிளாக் பாட்டம்’ என்றொரு பகுதி இருந்தது. பெரும்பாலும் கறுப்பின உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 1959-ல் பென், டிரெக்ஸல் உள்ளிட்ட கல்வி, மருத்துவ நிறுவனங்கள் சேர்ந்து ‘மேற்கு பிலடெல்பியா கார்ப்பரேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அதே வருடம் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு வந்தது. பல்கலைக்கழகம் நிலம் வாங்கச் செலவிடும் தொகையை நகரத்தின் பங்காகக் கணக்குக் காட்டி, மத்திய அரசின் நகர்ப்புறச் சீரமைப்பு நிதியைப் பெறலாம் என்பது அதன் சாரம்.

விளைவு? 1960-களில் பிளாக் பாட்டத்தின் வீடுகள் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்தில் அறிவியல் ஆராய்ச்சி மையம் எழுந்தது. 1969 பிப்ரவரியில் மாணவர்கள் பென்னின் நிர்வாகக் கட்டடத்தில் ஆறு நாள் உட்கார்ந்து போராடினார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு வீடு கட்ட நிதி திரட்டுவதாக வாக்குறுதி வந்தது. அது பெரிதாக நிறைவேறவில்லை.

இதனால்தான் பிற்காலத்தில் பென் ‘கைகோப்போம்’ என்று வந்தபோது, பழைய குடும்பங்கள் உடனே கை நீட்டிவிடவில்லை.

1996-ல் என்ன மாறியது?

1994-ல் ஜூடித் ரோடின் பென்னின் தலைவரானார். ஐவி லீக் பல்கலைக்கழகம் ஒன்றின் நிரந்தரத் தலைவரான முதல் பெண் இவர். சொந்த ஊரே பிலடெல்பியாதான். அப்போது மேற்கு பிலடெல்பியாவில் வழிப்பறி, காலி வீடுகள், மூடிய கடைகள், தரம் குறைந்த பள்ளிகள் என எல்லாச் சிக்கலும் இருந்தன. 1996 அக்டோபர் கடைசியில் பென்னின் ஆராய்ச்சியாளர் ஒருவர் தெருவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பெற்றோர் பயந்துபோனார்கள்.

வளாகத்தைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்வது ஒரு வழி. ரோடின் நிர்வாகம் வெளியே போய் வேலை செய்வது என்று முடிவெடுத்தது. ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்தால் பலன் இருக்காது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பதுதான் திட்டம்.

என்னென்ன செய்தார்கள்?

* தெரு: 1997-ல் ‘யுனிவர்சிட்டி சிட்டி டிஸ்ட்ரிக்ட்’ என்ற அமைப்பு தொடங்கியது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து பணம் போட்டன. தெரு சுத்தம், இரவு ரோந்து, துணைக்கு நடந்து வந்து வீட்டில் விடுவது என அன்றாட வேலைகளை அது பார்த்தது. வீட்டு வாசல்களில் விளக்கு போடும் செலவில் பங்கு கொடுத்தார்கள். மரம் நட்டார்கள்.

* வீடு: அந்தப் பகுதியில் வீடு வாங்கும் பென் ஊழியர்களுக்கு 1998 முதல் 15,000 டாலர் வரை நேரடி உதவி. பாழடைந்து கிடந்த வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கவும் செய்தார்கள்.

* கடை: பெரிய மளிகைக் கடையே இல்லாத இடத்தில் 2001-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தது. கார் நிறுத்துமிடமாகக் கிடந்த இடத்தில் புத்தகக் கடையும் ஹோட்டலும் வந்தன.

* வேலை: பல்கலைக்கழகத்துக்குத் தேவையான பொருட்களை முடிந்தவரை உள்ளூர்க் கடைகளில் வாங்குவது, கட்டுமான வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் பங்கு கொடுப்பது.

* பள்ளி: 1998-ல் பென், நகரப் பள்ளி நிர்வாகம், ஆசிரியர் சங்கம் ஆகிய மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 2001-ல் பள்ளி திறந்தது. நிலம் பென்னுடையது. அதோடு ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 1,000 டாலர் வீதம் பென் கூடுதலாகக் கொடுத்தது. அந்தப் பணத்தில் வகுப்பறைகளைச் சிறிதாக வைத்திருக்க முடிந்தது. பள்ளிக்கு சேடி அலெக்ஸாண்டரின் பெயர். அமெரிக்காவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1921-ல் இதே பென்னில் படித்துதான் அந்தப் பட்டம் பெற்றார்.

பாடத்திட்டமும் தெருவுக்கு வந்தது

இதற்கெல்லாம் முன்பே, சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1985-ல் வரலாற்றாசிரியர்கள் லீ பென்சனும் இரா ஹார்கவியும் மேற்கு பிலடெல்பியாவின் பிரச்சினைகளையே பாடமாக வைத்து ஒரு வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 1992-ல் பென்னில் சமூகக் கூட்டுறவுக்கென ஒரு மையம் உருவானது. இப்போது அதன் பெயர் நெட்டர் மையம்.

உதாரணமாக, மானுடவியல் பேராசிரியர் பிரான்சிஸ் ஜான்ஸ்டனின் மாணவர்கள், அருகிலிருந்த டர்னர் பள்ளியில் பிள்ளைகளின் ஊட்டச்சத்து நிலையை ஆராய்ந்தார்கள். ஆய்வு கட்டுரையோடு முடிந்துவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளே பழக்கடை நடத்தினார்கள், தோட்டம் போட்டார்கள். கல்லூரி மாணவருக்கு அது மார்க் வாங்கும் படிப்பு, பள்ளிக்கு அது நிஜமான உதவி. வருஷா வருஷம் புது மாணவர்கள் வருவதால் வேலை தொடர்ந்து நடக்கிறது. ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துப்போகும் முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

சரி, சிக்கல் எங்கே?

பென் அலெக்ஸாண்டர் பள்ளியில் சேர, அதன் எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும். நல்ல பள்ளி என்று பெயர் வந்ததும் அந்த எல்லைக்குள் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. தெருவின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. வசதியான குடும்பங்கள் குடிவந்தன. பள்ளியில் கறுப்பின மாணவர்களின் பங்கு வருடங்கள் போகப்போகக் குறைந்தது. 2013 வரிசைக்குப் பிறகு குலுக்கல் முறை வந்ததால், எல்லைக்குள் வீடு வாங்கியவர்களுக்குக்கூட சீட் உறுதி இல்லை என்றாகிவிட்டது.

சொந்த வீடு இருந்தவருக்குச் சொத்து மதிப்பு கூடியது, கூடவே வரியும் கூடியது. வாடகைக்கு இருந்தவருக்கு மதிப்பு எதுவும் கூடவில்லை, வாடகைதான் கூடியது. உள்ளூர் மக்கள் இதற்கு ‘பென்ட்ரிஃபிகேஷன்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள்.

2021-ல் பழைய காயம் மறுபடி திறந்தது. முன்பு பிளாக் பாட்டமாக இருந்த இடத்தில், 40-வது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனையில், அரசு மானியத்தோடு 70 குறைந்த வாடகை வீடுகள் இருந்தன. மானிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று உரிமையாளர் அறிவித்தார். உரிமையாளர் ஒரு தனியார் நிறுவனம், பென் அல்ல. ஆனாலும் நிலத்தின் மதிப்பை ஏற்றியது யார் என்று கேட்டு, குடியிருப்பவர்களோடு சேர்ந்து பென் மாணவர்களும் போராடினார்கள். 2023-ல் சமரசம் ஏற்பட்டது. நிலத்தின் ஒரு பகுதி குறைந்த வாடகை வீடுகளுக்காக நகரத்துக்கு வந்தது, குடும்பங்களுக்கு 35 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் வேறு இடம் போய்விட்டன.

வரி விஷயம் என்ன?

லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால், கல்விக்காகப் பயன்படும் கட்டடங்களுக்குப் பென் சொத்து வரி கட்டுவதில்லை. பிலடெல்பியாவில் அரசுப் பள்ளிகளுக்கான உள்ளூர் வரிப் பணத்தில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. ‘ஒரு பள்ளிக்கு உதவுவது சரி, எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டிய வரி எங்கே?’ என்று பேராசிரியர்களே கேட்டார்கள். 2020 நவம்பரில், பழைய பள்ளிக் கட்டடங்களில் உள்ள ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தைச் சரிசெய்ய 10 வருடங்களில் 10 கோடி டாலர் தருவதாகப் பென் அறிவித்தது. நன்கொடை என்பதால் தொகையைப் பென்னே முடிவு செய்கிறது. அதனால் விவாதம் ஓயவில்லை.

இருப்பவர்கள் அங்கேயே இருக்க என்ன வழி?

இதற்கும் அதே ஊரில் பதில்கள் உருவாகியிருக்கின்றன. பக்கத்து டிரெக்ஸல் பல்கலைக்கழகம் 2014-ல் டார்ன்சைஃப் மையத்தைத் திறந்தது. அங்கே சட்ட மாணவர்கள், பேராசிரியர்களின் மேற்பார்வையில், அக்கம்பக்கத்தினருக்கு இலவசச் சட்ட உதவி செய்கிறார்கள். முக்கியமான ஒரு வழக்கு வகை நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதான்: தாத்தா பாட்டி பெயரிலேயே கிடக்கும் வீட்டுப் பத்திரம். பெயர் மாற்றாவிட்டால் வரிச் சலுகை, பழுதுபார்ப்பு உதவி எதுவும் கிடைப்பது கஷ்டம். ஏமாற்றி எழுதி வாங்குகிறவர்களுக்கும் அதுவே வசதி.

நகர நிர்வாகம், 10 வருடத்துக்கு மேல் சொந்த வீட்டில் வசிக்கும், குறிப்பிட்ட வருமானத்துக்குள் இருப்பவர்களுக்கு வரி திடீரென்று எகிறாமல் தடுக்கும் திட்டத்தை 2014-ல் கொண்டுவந்தது. யுனிவர்சிட்டி சிட்டி டிஸ்ட்ரிக்ட், வேலை இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அங்குள்ள மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலைக்குச் சேர்க்கிறது.

இந்த ஏற்பாடுகளில் பல, விலை ஏறிய பிறகு வந்தவை என்பதுதான் மேற்கு பிலடெல்பியா சொல்லும் பாடம். விளக்கு, ரோந்து, சூப்பர் மார்க்கெட், பள்ளி எல்லாம் 2001-க்குள் வந்துவிட்டன. வாடகைக்காரருக்கும் முதியவருக்கும் ஆன பாதுகாப்பு பத்து வருடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. உங்கள் ஏரியாவை மேம்படுத்துகிறோம் என்று ஒரு பெரிய நிறுவனம் வந்தால், என்ன கட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டி முடித்த பிறகு எங்கள் வாடகை என்ன ஆகும், அதற்கு இப்போதே என்ன ஏற்பாடு என்பதையும் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.