சந்தையை முதலில் காதால் எடுங்கள்

நுகேகொடையில் ஹைலெவல் வீதியை ஒட்டிய தெல்கந்தச் சந்தையைப் போனில் படம்பிடித்து, வீட்டில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தக்காளியின் சிவப்பு அப்படியே இருக்கும், சத்தம்தான் கெட்டுப்போயிருக்கும். மீன் வெட்டும் கத்தியின் தட்டல், 'சீயய்... சீயய்...' என்று நூறு ரூபாய்க்குக் கூவும் குரல், தார்ப்பாயின் படபடப்பு எல்லாம் ஒரே இரைச்சலாகக் குழைந்து கிடக்கும்.

படத்துக்குக் கைகொடுக்கும் போன் ஒலியில் காலை வாருவதற்குக் காரணம், அதிலுள்ள தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. வியாபாரி கூவியதும் அது பதிவின் அளவைச் சட்டென்று இறக்கும். அவர் மூச்சுவிட நிறுத்தியதும் ஏற்றும். அந்த இடைவெளியில் வீதியில் போகும் 138ஆம் இலக்க பஸ் காதுக்குள்ளேயே ஓடுவதுபோல் கேட்கும். நம் காதும் மூளையும் நெரிசலிலும் வேண்டியதைப் பொறுக்கிக் கேட்கக்கூடியவை. ஒலிவாங்கிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

ஆகவே ஒலியையும் படத்தையும் தனித்தனியே எடுத்துப் பிறகு சேர்ப்பதே நல்ல வழி. இது புதிய தந்திரம் அல்ல. 1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' இலங்கையில் ஒலி இல்லாமல் படமாக்கப்பட்டது. அதன் ஒலி முழுவதும் பின்னர் லண்டனில் சேர்க்கப்பட்டது. இசையமைப்பாளர் வோல்டர் லீ. விவரணைக் குரல் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட்டுடையது. கொழும்பு 7இல் உள்ள அரங்குக்குப் பெயர் தந்தவர் அவரே. படத்தின் மூன்றாம் பகுதியில் யானையும் தென்னையும் திரையில் தெரியும்போது, சந்தை விலைகளையும் வணிகக் கடிதங்களையும் வாசிக்கும் குரல்கள் கேட்கின்றன. தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுத்த படம் அது. ஆனால் காண்பதும் கேட்பதும் ஒட்டாமல் நிற்கும் அந்த இடத்தில்தான் வணிகத்தைப் பற்றி அது உண்மை பேசுகிறது என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது.

படமே இல்லாமலும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வோல்டர் ருட்மான் 1930இல் ஒரு வாரவிடுமுறையின் ஒலிகளை மட்டும் படச்சுருளில் பதிந்து வெட்டி ஒட்டினார். 11 நிமிட அளவிலான அந்தப் படத்தில் ஒரு காட்சியும் கிடையாது. 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஒலிகளை இசைத்தட்டில் பதிந்து இசையாக்கினார். அவர்கள் ஒரு கலையகத்தை வைத்துக்கொண்டு செய்த வேலையை இன்று இலவசமாகக் கிடைக்கும் 'ஓடாசிட்டி', 'ஷொட்கட்' மென்பொருட்களைக்கொண்டு வீட்டுக் கணனியில் செய்யலாம்.

சந்தையில் முதல் வேலை, ஓரிடத்தில் நின்று அசையாமல், பேசாமல், மூன்று நிமிடம் பொது இரைச்சலைப் பதிவது. பலர் தவறவிடுவது இதைத்தான். பின்னர் எந்த இரண்டு துண்டுகளை ஒட்டினாலும் நடுவில் விழும் வெடிப்பை மறைக்கும் பூச்சு இதுவே. அடுத்தது கிட்டத்து ஒலிகள்: தராசுத் தட்டு, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது, மீன்பலகை. தூரத்தைப் பாதியாக்கினால் அந்த ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். சுற்று இரைச்சல் அப்படியே இருக்கும். விலைகூடிய ஒலிவாங்கியைவிட இரண்டடி முன்னால் போவது பலன் தரும். அளவைக் கையால் வைக்க விடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மிகச் சத்தமான இடமும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். உச்சம் 0வைத் தொட்டால் ஒலி கிழியும். கிழிந்ததைத் தைக்க முடியாது. 48 கிலோஹேட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு கிகாபைட் வரும்.

ஒலியையும் படத்தையும் பொருத்தக் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டினால் போதும். ஆனால் 35 மீட்டர் தள்ளி நிற்பவர் கத்தியை இறக்கும் ஓசை நம்மை வந்தடையப் பத்தில் ஒரு செக்கன் ஆகும். 25 சட்டகப் படத்தில் அது இரண்டரைச் சட்டகம். பொருத்தம் தவறிவிட்டதென்று பதறாதீர்கள், தவறவில்லை.

வெட்டும்போது ஒலியை முன்னே விடுங்கள். மூடிய தார்ப்பாய் திரையில் இருக்கும்போதே கத்தி விழும் ஓசை கேட்கட்டும். மீன் பிறகு வரட்டும். பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' மெட்டை ஒலித்தபடி வரும் சூன் பாண் ஓட்டோவைக் காட்டவே வேண்டாம்; இலங்கையர் எவருக்கும் அந்த மெட்டே போதும்.

பெரிய இடைஞ்சல் ஒலிபெருக்கிப் பாட்டு. பாட்டு பின்னால் ஓடும் பதிவை வெட்டினால் மெட்டுத் துள்ளும். இணையத்தில் ஏற்றினால் உரிமைச் சிக்கலும் வரும். ஆடிவேல் ஊர்வலத்தில் நாதஸ்வரத்துக்கும் இதே கதைதான். அங்கே ஓர் உருப்படியை முழுதாகப் பதிந்து அடியில் ஓடவிட்டு, மேலே படத்தை மட்டும் வெட்டுங்கள். வியாபாரியின் முகத்தையும் குரலையும் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். முதலில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

படம் முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் இடம், திகதி, நேரம் எழுதி வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழிவந்த நூலக நிறுவனம், 'ஆவணகம்' என்ற தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்து வருகிறது. உங்கள் மூன்று நிமிடச் சந்தை இரைச்சலை அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.