மிதிவண்டிப் பல்லிணைத் தேர்வு (புதுச்சேரி)

மிதிவண்டிப் பல்லிணைத் தேர்வு என்பது, ஓட்டுபவரின் கால்வலு, வழியின் ஏற்ற இறக்கம், காற்று, சுமை ஆகியவற்றுக்குப் பொருந்துமாறு மிதிவண்டியின் முன், பின் பற்சக்கரங்களைத் தெரிவு செய்வதாகும். பேச்சு வழக்கில் பல்லிணையைக் கியர் என்பர். கடலோரச் சமவெளியில் அமைந்த புதுச்சேரி போன்ற நகரில் கியர் வண்டி தேவையா, ஒற்றைப் பல்லிணை போதுமா, மோட்டார் பொருத்திய மிதிவண்டியே மேலானதா என்ற கேள்விகளுக்கு எளிய கணக்குகளின் வழியே விடை காணலாம்.

பல்லிணை விகிதம்

மிதிகட்டைகளோடு சுழலும் முன் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பல்லிணை விகிதம் ஆகும். எடுத்துக்காட்டாக, முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட 28 அங்குலச் சக்கர வண்டியின் விகிதம் 2.67. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர் என்பதால், மிதிகட்டை ஒரு முறை சுழலும்போது வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 21 கி.மீ. ஆகும்.

சமதரையில், காற்று இல்லாதபோது, தனி ஒருவருக்கு இது பொருத்தமான விகிதமே. பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றி 'டபுள்ஸ்' செல்லும்போதோ, எதிர்காற்றிலோ வேகம் குறையும். விகிதம் மாறாததால் மிதிக்கும் வீதமும் அதே அளவில் குறையும். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் மிகுந்த விசை தேவைப்படுகிறது. அந்தச் சுமையை முழங்கால் மூட்டு தாங்குகிறது.

புதுச்சேரியின் மேடும் காற்றும்

கால்வாயின் இருபுறமும் உள்ள பழைய நகரம் பெரும்பாலும் சமதரை. ஆனால் வடமேற்கே கோரிமேட்டை நோக்கிச் செல்லும்போது நிலம் உயர்கிறது. ஊர்ப்பெயரிலேயே மேடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'புதுச்சேரியின் செங்குன்றுகள்' என்று அழைத்த செம்மண் மேட்டுநிலம் இதுவே. குன்று என்பது சற்றே மிகையான சொல். உயரம் சில பத்து மீட்டர்கள்தான்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொள்வோம். 30 மீட்டர் உயரம் ஏறத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 7 வாட்-மணி மட்டுமே. இருந்தும் ஏற்றம் கடினமாகத் தோன்றக் காரணம், அந்த ஆற்றலைச் சில நிமிடங்களுக்குள் செலவிட வேண்டியிருப்பதே. 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 120 வாட் திறன் வேண்டும். மேற்கண்ட 48-18 வண்டியில் அப்போது மிதிக்கும் வீதம் நிமிடத்துக்கு 28 ஆகக் குறைந்துவிடும். பலரும் இருக்கையை விட்டு எழுந்து மிதிப்பதும், இறங்கித் தள்ளிச் செல்வதும் இதனால்தான். முன்னே 38, பின்னே 28 பற்கள் உடைய கியரில் அதே திறனுடன், அதே வேகத்தில், நிமிடத்துக்கு 55 முறை அமர்ந்தபடியே மிதிக்கலாம்.

காற்றின் கணக்கு வேறு. பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வீசும். வில்லியனூரிலிருந்து நகரை நோக்கி வருபவருக்கு அது எதிர்காற்றாக அமையும். காற்றின்றி மணிக்கு 18 கி.மீ. செல்ல ஏறத்தாழ 70 வாட் போதும். மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று வீசினால் அதே வேகத்துக்கு 170 வாட் வேண்டும். மணிக்கு 12 கி.மீ. என வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும், 8 கி.மீ. தொலைவில் காற்றுக்காக மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 34 வாட்-மணி செலவாகும். இது 30 மீட்டர் மேடு ஏறும் ஆற்றலைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். சமதரை நகரத்தின் உண்மையான மேடு காற்றுதான்.

பின் பற்சக்கரத்தை மாற்றுதல்

ஒற்றைப் பல்லிணை வண்டியில் மிகக் குறைந்த செலவிலான மாற்றம், கடைகளில் ஃப்ரீவீல் எனப்படும் பின் பற்சக்கரத்தை மாற்றுவது. 18 பற்களுக்குப் பதிலாக 22 பற்கள் கொண்டதைப் பொருத்தினால் மிதிக்குத் தேவையான விசை 18 விழுக்காடு குறையும். சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் சேர்க்க வேண்டிவரலாம். 60 முறை மிதிக்கும்போது வேகம் மணிக்கு 17.5 கி.மீ. ஆகக் குறையும்; நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் இது பெரிய இழப்பன்று.

பல பற்சக்கரங்களுக்கிடையே சங்கிலியை மாற்றும் டெரெய்லர் அமைப்பு பிரான்சில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பால் டி விவி போன்றோரால் வலியுறுத்தப்பட்டது. எனினும் டூர் டி பிரான்சு போட்டியில் அது 1937 ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. இவ்வமைப்பில் சங்கிலி திறந்தே இருப்பதால், கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் மணலும் அதை விரைவில் பாதிக்கின்றன. முழு உறையிட்ட சங்கிலியுடைய பழைய வகை வண்டிக்கு இத்தொல்லை குறைவு.

மோட்டார் உதவி

மிதிவண்டியில் மோட்டார் பொருத்தும் எண்ணம் புதிதன்று. முன்சக்கரத்தின் மீது உருளையை அழுத்தி ஓட்டும் வெலோசொலெக்சு பிரான்சில் 1946 இல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவன உரிமத்தின் கீழ் திருப்பதியில் தயாரான சுவேகா, 1972 இல் வந்த லூனா, 1980 இல் ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 ஆகியவை மிதிகட்டையும் கொண்ட மொபெட்டுகள். நடைமுறையில் அந்த மிதிகட்டைகள் பெரும்பாலும் இயந்திரத்தைக் கிளப்பவே பயன்பட்டன.

இன்றைய மின்மிதிவண்டியில் மோட்டார் சக்கரத்தின் நடுவிலோ, மிதிகட்டை அச்சிலோ அமைகிறது. அச்சு மோட்டாரின் விசை சங்கிலி வழியே செல்வதால் கியர் மாற்றுவது மோட்டாருக்கும் உதவும். சக்கர மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. மெதுவான ஏற்றத்தில் அதன் திறன் வெப்பமாக வீணாகிறது. சமதரையில் எதிர்காற்றைச் சமாளிக்க அதுவே போதுமானது.

கியர் செய்ய வேண்டிய வேலையைக் குறைப்பதில்லை, காலுக்கு ஏற்றபடி பங்கிட்டுத் தருகிறது. மோட்டாரோ வேலையின் ஒரு பகுதியைத் தானே ஏற்கிறது. ஆகவே எப்போதாவது கோரிமேடு ஏறுபவருக்குக் கியர் போதும். நாள்தோறும் நெடுந்தொலைவு எதிர்காற்றில் வருபவர், சுமை ஏற்றுபவர், மூட்டுவலி உள்ளவர் ஆகியோருக்கு மோட்டார் பயன் தரும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 360 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஒரு கி.மீ.க்கு 10 வாட்-மணி செலவானால் அது 36 கி.மீ. வரும். மின்கலம் தீர்ந்தபின் கனத்த வண்டியைக் காலால் மிதித்தாக வேண்டும் என்பதால், மின்மிதிவண்டியிலும் தாழ்ந்த கியர் ஒன்று இருப்பது நல்லது.

சட்ட நிலை

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் உதவி நின்றுவிடுவதாகவும் உள்ள மிதிவண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மின்கலம் நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோகிராமுக்கு மிகாதிருத்தல், தக்க நிறுத்திகளும் ஒளி எதிரொளிப்பான்களும் இருத்தல் ஆகியவையும் தேவை. வேகக் கட்டுப்பாட்டை நீக்கிய வண்டிக்கு இவ்விலக்கு பொருந்தாது. அதற்கு ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்புறுதி ஆகியவை வேண்டியிருக்கும்.