முட்டை ஓடும் முன்பற்களும்

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருவது முட்டை. நம் சத்துணவுத் தட்டில் இருப்பதும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே. அந்த முட்டையைக் கொண்டு பற்களைப் பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வோமா?

வேகவைக்காத முட்டை ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். ஓட்டின் மேல் சிறு குமிழ்கள் தோன்றும். சில மணி நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். ஓடு மாவுபோல் வழித்துக்கொண்டு வரும். ஓரிரு நாளில் ஓடே இருக்காது. மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்துவிட்டது. குமிழ்களாக வெளியேறியது கரியமில வாயு. (சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

நம் பல்லின் மேலுறை எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது இது. அமிலத்தில் இதுவும் கரையும். வாயில் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் கரைதல் தொடங்கும். இரைப்பை அமிலத்தின் பி.எச். அளவோ 1 முதல் 3 வரைதான்! எப்போதோ ஒருமுறை வாந்தி எடுத்தால் உமிழ்நீர் அமிலத்தை மட்டுப்படுத்திவிடும். அடிக்கடி நேர்ந்தால் என்ன ஆகும்?

உடல் பருத்துவிடுமோ என்ற அச்சம் சிலர் மனத்தை ஆட்டிப் படைக்கும். அளவுக்கு மீறி உண்பதும், பிறகு தாமே வாந்தி எடுப்பதுமாக அவர்கள் தவிப்பார்கள். 1979-ல் இலண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரசல் இதை விவரித்து, 'புலிமியா நெர்வோசா' என்று பெயரிட்டார். இது ஆண், பெண் இருபாலருக்கும் வரக்கூடிய நோய். பிடிவாதமோ குறும்போ அன்று.

இந்நோயில் மேல் முன்பற்களின் உட்பக்கம் முதலில் தேயும். கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மூடிக் காக்கிறது. பல் கூசும், விளிம்பு மெலிந்து உடையும். போன எனாமல் மீண்டும் வளராது. வீட்டாருக்குத் தெரியாத நோயைப் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. ஆனால் அமிலம் எதுக்களிப்பவர்களுக்கும் பல் இவ்வாறு தேயும். எனவே பல்லை மட்டும் பார்த்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கலாமா? கூடாது. ஊறிய ஓடு விரலோடு வந்ததல்லவா? அதுபோல் இளகிய எனாமலும் பிரஷ்ஷோடு தேய்ந்துபோகும். தண்ணீரிலோ, சிறிது ஆப்பசோடா கலந்த நீரிலோ வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

பல்லைக் காப்பது பாதி வேலைதான். நோயின் வேர் மனத்தில் இருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. 'குண்டு', 'ஒல்லி' என்று யாரையும் கேலி செய்யாதீர்கள். உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இத்தொல்லை இருந்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.