கேஸ் தானாகத் தீர்வதில்லை

கண்டியிலிருந்து அம்பிட்டிய வழியாகத் தலாத்துஓயா பக்கம் ஏறும் சுற்றுலா வேன்களில் ஏ.சி. குளிரவில்லை என்றால் பெரும்பாலும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "கேஸ் குறைஞ்சிட்டுது, அடிச்சு விடுவம்." நோயும் மருந்தும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் ஏ.சி. வாயு டீசலைப் போல எரிந்து தீரும் பொருளல்ல. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. உள்ளே இருக்கும் கூலிங் கொயிலில் மறுபடி ஆவியாகும்போது வேனுக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதே வாயுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். கசிந்த இடத்தைத் தேடாமல் கேஸ் அடிப்பதைப் பராமரிப்பு என்று சொல்வதற்கில்லை.

வீட்டு ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் கேஸ் கேட்காமல் ஓடுகிறதே, எப்படி? அதன் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன, குழாய்கள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. கேம்பர் வண்டிகளின் கூரையில் இருக்கும் மின்சார ஏ.சி.யும் இந்த வகைதான். அது குளிராவிட்டால் அழுக்கேறிய ஃபில்டர், மின்னழுத்தக் குறைவு, கெப்பாசிட்டர் என்று தேடிப் பார்த்த பிறகே கேஸைச் சந்தேகிக்க வேண்டும். வேனுக்கு அந்த வசதி இல்லை. பெல்ட் சுழற்றும் கம்ப்ரசரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சீல். எஞ்சின் அதிர்வதால் இறப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் வேறு. ஆகவே கொஞ்சம் கசியத்தான் செய்யும். எவ்வளவு என்பதே கேள்வி. ஆர்-134ஏ போன்ற வாயுவில் ஓடும் புதிய வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வகுத்த எல்லை, ஆண்டுக்கு 40 கிராம். முன்னும் பின்னும் கொயில் உள்ள இரட்டை ஏ.சி.க்கு 60 கிராம். ஒரு கிலோ வாயு உள்ள இரட்டை ஏ.சி. அந்த எல்லை மட்டும் கசிந்தாலும் மூன்று வருடத்தில் போவது 180 கிராம்தான். வருடா வருடம் கேஸ் கேட்கும் வேனில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது.

மலைநாட்டில் அந்த ஓட்டைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தண்டைச் சுற்றிய சீலை ஈரமாக வைத்திருப்பது வாயுவோடு சேர்ந்து ஓடும் எண்ணெய். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் சற்றுக் குளிர்ச்சியாக இருப்பதால், ஆள் இல்லாத நேரம் ஏ.சி.யை நிறுத்தி டீசலை மிச்சம் பிடிப்பது வழக்கம். வாரக்கணக்கில் ஓடாத கம்ப்ரசரில் எண்ணெய் வடிந்து சீல் காய்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்து கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு என்று சுற்றுலா வேன்கள் மாதக்கணக்கில் நின்றதை எல்லோரும் அறிவோம். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்ததால் அதே பழைய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிட்டால் சீல் காயாது. மழை நாளில் முன்கண்ணாடியில் படியும் புகாரையும் அதுவே நீக்கிவிடும். டீசல் வீண் என்று சொல்ல முடியாது.

"கேஜ் வைத்துப் பார்த்துத்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்கலாம். எஞ்சின் நிற்கும்போது 25 பாகை வெப்பத்தில் ஆர்-134ஏ காட்டும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 80 இறாத்தல். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரை, 300 கிராம் இருந்தாலும் 900 கிராம் இருந்தாலும் அதே அளவுதான். ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெயிலுக்கும் விசிறிக்கும் தக்கபடி மாறும். முழுவதையும் வெளியே எடுத்து நிறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இன்னொன்று: பெரஹெரா நெரிசலில் குளிராமல், மகியங்கனை வீதியில் வேகமெடுத்ததும் குளிர்ந்தால், பார்க்க வேண்டியது கண்டென்சர் விசிறியையும் அதில் படிந்த சேற்றையும். முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெலிந்தால் கொயிலில் ஐஸ் பிடித்திருக்கிறது; ஃபில்டரோ தெர்மிஸ்டரோ காரணமாக இருக்கலாம். பின் இருக்கைக்காரர் தலையில் தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கும். இவை எதற்கும் கேஸ் முதல் மருந்தல்ல. கூடுதலாக அடித்த கேஸ் அழுத்தத்தை ஏற்றி, நல்ல கம்ப்ரசரையும் கெடுக்கும்.

சாரதி பக்கத்து நியாயம் இதைவிட வலுவானது: நாளைக் காலை ஹயர் இருக்கிறது, கசிவு தேட நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒருமுறை கேஸ் மட்டும் அடித்துச் சமாளிப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயுவோடு எண்ணெயும் கசிகிறது. அதை ஈடுசெய்யாமல் கேஸை மட்டும் அடித்துக்கொண்டே போனால், ஒரு ஓ-ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கம்ப்ரசரில் போய் நிற்கும். எண்ணெய்க் கறை படிந்த குழாய் இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்களே போதும். மிக நுண்ணிய கசிவு அதில் தப்பலாம். வாயுவும் இனி மலிவாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை பில்லில் வெறுமனே "கேஸ்" என்று எழுத விடாமல், எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த சர்வீசில் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால், கசிவு ஆண்டுக்கு 60 கிராமா 600 கிராமா என்பது கடதாசியிலேயே தெரிந்துவிடும்.