வரப்புப் பாம்பும் யானாதியின் கடப்பாரையும்

பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டே பாம்பையும் மனிதனையும் காப்பாற்றலாம் என்று 1978-லேயே காட்டியவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனபின் அவர்களுக்காக உருவான வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கம்தான், நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தந்துவந்திருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே வகை. மண்பானையில் மணல் போட்டுப் பாம்பை விட்டு, பானை வாயைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். சில வாரத்தில் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவே இரண்டு இருளர்களை வரவழைத்தது. 2023-ல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிப்பு.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களில் வாழும் யானாதிப் பழங்குடியினரும் இதே வித்தை தெரிந்தவர்கள்தான். சித்தூர் பக்கத்துக் காணிப்பாக்கத்தைச் சுற்றி நெல், கரும்பு, வேர்க்கடலை. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். அதே வரப்பில் வெறுங்காலோடு கூலியாள் நடக்கிறார். வளை வாயில் சிலந்தி வலை இருந்தால் யானாதி கடப்பாரையைத் தொடுவதில்லை. புதுமண் கிடந்தால் எலி. மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எட்ட நின்று பார்ப்பார்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. சாவு அதிகமுள்ள மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. இன்னொரு சங்கதியும் உண்டு: ஒரே வகைப் பாம்பின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஓரிடத்து விஷத்தில் செய்த மருந்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அந்தந்த வட்டாரத்திலேயே விஷம் எடுக்க வேண்டும் என்றால், சித்தூரில் அதற்கு யானாதியை விட்டால் யார்?

பாம்பு பிடிப்பதைத் தொழிலாக்கினால் காட்டுயிருக்குக் கேடு என்போரும் உண்டு. திரும்பக் காட்டில் விடும் முறைக்கு அந்த வாதம் பொருந்தாது.

எனக்குக் கவலையெல்லாம் வேறு. காடு, காட்டுயிர் என்று வேலை வந்தால் முதலில் கேட்பது பட்டம். வித்தை தெரிந்தவருக்கோ அன்றாடக் கூலி. பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் அப்பனின் வித்தைக்குச் சம்பளம் இல்லை என்று கண்ட பிள்ளை அதை ஏன் கற்கப் போகிறான்? இந்தத் தலைமுறையோடு போனால் எந்தக் கல்லூரியும் அதைத் திருப்பித் தராது. கேட்பது பெரிதல்ல: ஒரு கொட்டகை, பானைகள், விஷத்தை உறைய வைத்து உலர்த்தும் கருவி, பிடிக்க அனுமதி, யானாதிகளே நடத்தும் சங்கம். கற்றுக்கொடுக்க இருளர்கள் இருக்கிறார்கள். சித்தூரில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வடநெம்மேலி போய்விடலாம்.