குரங்குக் காய்ச்சல்

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் இருக்கிறது. அங்கே கியாசனூர் என்னும் காடு உள்ளது. 1957ஆம் ஆண்டு அந்தக் காட்டில் குரங்குகள் பல செத்து விழுந்தன. பக்கத்து ஊர் மக்களுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. சிலர் இறந்தார்கள். மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். இது புதிய வைரஸ் நோய் என்று கண்டார்கள். மக்கள் இதைக் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள். 2012க்குப் பிறகு தமிழ்நாடு, கேரளம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளிலும் இந்த நோய் காணப்பட்டது.

நோயைப் பரப்புவது எது?

உண்ணிதான் பரப்புகிறது. குரங்கு செத்ததும் அதன் உடலில் இருந்த உண்ணிகள் இறங்கிச் சருகில் பரவும். விறகு பொறுக்குபவர்கள், சருகு அள்ளுபவர்கள், மாடு மேய்ப்பவர்கள் மேல் ஏறிக் கடிக்கும். குட்டி உண்ணி எள்ளை விடச் சிறியது. கடித்தாலும் வலிக்காது. பலருக்குக் கடித்ததே தெரியாது. டிசம்பர் முதல் மே வரை நோய் அதிகம்.

அறிகுறிகள் என்ன?

உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களில் திடீரென்று காய்ச்சல் வரும். குளிரும். தலை வலிக்கும். உடம்பெல்லாம் வலிக்கும். வாந்தி வரும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். சிலருக்குக் காய்ச்சல் விட்டு, ஓரிரு வாரத்தில் மீண்டும் வரும். அப்போது கை நடுங்கும். மனம் குழம்பும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மலேரியா, டெங்குக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். பார்த்த உடனே மருத்துவரால் பிரித்து அறிய முடியாது. ஆகவே மூன்று செய்திகளை நாமே சொல்ல வேண்டும்.

1. எந்த நாளில் காட்டுக்குப் போனோம்?
2. உடம்பில் உண்ணி இருந்ததா?
3. அந்தப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்ததா?

இவற்றைக் கேட்டால் மருத்துவர் தகுந்த இரத்தப் பரிசோதனை செய்வார். இந்த வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலோர் பிழைத்து விடுவார்கள். ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடக் கூடாது. அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

எப்படித் தடுக்கலாம்?

காட்டுக்குப் போகும்போது கை கால்களை மூடும் உடை அணியுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் உண்ணி விரட்டும் எண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டு வெந்நீரில் குளியுங்கள். துணிகளையும் துவைத்து விடுங்கள். உண்ணி இருந்தால் நசுக்காமல் இடுக்கியால் பிடுங்குங்கள். செத்த குரங்கைத் தொடாதீர்கள். உடனே சுகாதார ஊழியருக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். குரங்கின் சாவு ஊருக்கு வரும் முதல் எச்சரிக்கை.