அணைந்த தலைவிளக்கை மீண்டும் சார்ஜ் போடும் முன்...

விடியுமுன் பால் மரம் வெட்டக் கிளம்புபவரின் தலைவிளக்கைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு லித்தியம் மின்கலம் இருக்கும். பட்டணத்தில் ஓடும் பல மின்சார சைக்கிள்களின் பேட்டரிப் பெட்டிக்குள்ளும் இதே மின்கலங்கள்தான் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் இதற்கு ‘18650’ என்று பெயர்.

இதை அளவுக்கு மீறி சார்ஜ் செய்வது ஆபத்து என்று பலருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் காலியாக்குவதும் ஆபத்துதான். அதை அறிந்தவர்கள் குறைவு.

முழுதாக நிரம்பிய மின்கலம் 4.2 வோல்ட் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அது இறங்கும். பையில் அணைக்க மறந்த விளக்கைப்போல, 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போய்விட்டால், உள்ளே உள்ள மெல்லிய செப்புத் தகடு கரையத் தொடங்கலாம். அப்போது வெளியில் எதுவும் தெரியாது. விளக்கு எரியாது, அவ்வளவுதான். மறுபடியும் சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, மின்கலத்துக்குள்ளேயே ‘ஷார்ட்’ ஆகக்கூடும். மின்கலம் சூடேறித் தீப்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

இதைத் தடுக்கவே நாணயம் அளவிலான ஒரு பாதுகாப்புப் பலகை வைக்கப்படுகிறது. அதிலுள்ள சில்லு வோல்ட் அளவைக் கவனித்தபடியே இருக்கும். ஏறக்குறைய 4.3 வோல்ட்டை எட்டினால் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். 2.5 வோல்ட் அளவில் மின்சாரம் வெளியேறுவதை நிறுத்தும். வயர் உரசி ‘ஷார்ட்’ ஆனாலும் கண நேரத்தில் துண்டித்துவிடும்.

எல்லா மின்கலங்களிலும் இந்தப் பலகை இருப்பதில்லை. பலகை பொருத்திய மின்கலம் சில மில்லிமீட்டர் நீளமாக, 69 அல்லது 70 இருக்கும். பசார் மாலாமில் ‘9,900 எம்ஏஎச்’ என்று அச்சிட்டு விற்பதை நம்ப வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்களின் 18650 கூட ஏறக்குறைய 3,500ஐத்தான் தொடுகிறது. உறையிலேயே பொய் சொல்பவர் உள்ளே காவல் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

மின்சார சைக்கிளில் இந்தக் காவல் இன்னும் முக்கியம். 48 வோல்ட் பேட்டரியில் பொதுவாக 13 மின்கலத் தொகுதிகள் வரிசையாக இணைந்திருக்கும். முழுதாக நிரம்பினால் மொத்தம் 54.6 வோல்ட். சார்ஜருக்குத் தெரிவது இந்த மொத்தம் மட்டுமே. அதற்குள் ஒரு தொகுதி தளர்ந்து கிடக்க, இன்னொன்று அளவு மீறி நிரம்பலாம். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகப் பார்ப்பது உள்ளேயுள்ள பாதுகாப்புப் பலகைதான். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் முழு பேட்டரியையும் அது நிறுத்திவிடும்.

ஓட்டுபவருக்கோ ‘பேட்டரி செத்துவிட்டது’ என்று தோன்றும். பலகையைத் தவிர்த்து வயரை நேராக இணைத்தால் சைக்கிள் உடனே ஓடும். செலவும் குறைவு. ஆனால், பழுதான தொகுதி அப்படியே இருக்கும், அதைத் தடுத்து நிறுத்தியது மட்டும் போய்விடும். அப்படிப்பட்ட பேட்டரி இரவில் வாசலருகே சார்ஜ் ஆகிறது என்று வையுங்கள். பலகை வீடோ அடுக்குமாடியோ, தீப்பிடித்தால் வெளியேறும் வழியே முதலில் அடைபடும். பேட்டரி நின்றுவிட்டால், ஒவ்வொரு தொகுதியையும் அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுவதே சரி. அல்லது மாற்றிவிட வேண்டும்.

பழைய மின்கலத்தை வீசுமுன் காலியாக்க நினைப்பவர்கள் அதை வயரால் ‘ஷார்ட்’ செய்யக்கூடாது. உப்புத் தண்ணீரில் போடுவதும் வேண்டாம். முனைகள் அரித்து வாயு கிளம்பும், உள்ளே மின்சாரமும் மிச்சமிருக்கும். விளக்கிலேயே போட்டு, மங்கும் வரை எரியவிட்டால் போதும். வீங்கியதையும் அடிபட்டதையும் அப்படிச் செய்யாமல் தனியே வையுங்கள். பிறகு இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்கலாம். குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லோரி அழுத்தி நசுக்கும்போது தீப்பற்றும் அபாயம் உண்டு.

மின்கலம் புகையத் தொடங்கினால் கையால் எடுக்க முயலாமல், எல்லாரும் வெளியேறிய பின் 999க்கு அழைக்கவும்.